விடுபட்ட பாட்டின் வழக்கு: தொகுப்பு இசைத்தட்டும் நேயர் தீர்ப்பும்

சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு போன்ற ஊர்களில் திருவிழா என்றால், மைக்செட்காரர் விடிகாலையில் முதல் பாட்டைப் போடும்போதே தீர்ப்பு தொடங்கிவிடும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு முதலில் ஒலிக்க வேண்டும். தப்பித்தவறி வேறொன்று வந்துவிட்டால் ஊர்ப் பெரியவர் ஒருவர் பந்தலை நோக்கி நடந்து வருவார். அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். வெயில் ஏறியதும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகள், மாலையில் இளையராஜா. இருட்டியபின் இளவட்டங்கள் செட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டு, “அண்ணா, அடுத்து இதப் போடுங்கண்ணா” என்று துண்டுச் சீட்டை நீட்டுவார்கள். சில்வர் ஓக் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் காப்பித் தோட்டங்களைத் தாண்டி எதிர்ச்சரிவு வரை போகும். அங்கே வீட்டுத் திண்ணையில் இருப்பவரும் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர்தான். “போன வருசம் போட்டவன் எவ்வளவோ தேவலை” என்று அவர் சொன்னால், அது பாடகரைப் பற்றிய பேச்சு இல்லை, பாட்டுகளை வரிசைப்படுத்திய ஆளைப் பற்றியது.

தொகுப்பு இசைத்தட்டு ஒன்றைக் கேட்கும் நேயர் எதை எடைபோடுகிறார்? பாட்டுகள் தனித்தனியே அவருக்கு முன்பே தெரியும். பிடித்தவை எவை என்பதும் முடிவாகிவிட்ட விஷயம். ஆகவே அவர் தரும் தீர்ப்பு தேர்வு, வரிசை, விடுபடல், பதிவின் நம்பகம் ஆகியவற்றின் மேல்தான் விழுகிறது. இசை விமரிசகர்கள் தொகுப்புகளை ஒரு வரியில் கடந்துபோய்விடுவது வழக்கம். நேயர்கள்தான் அவற்றை ஊன்றிக் கேட்டு வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தெளிவாகப் பார்க்க உதவும் இசைவகை, 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எழுந்த கிளாம் ராக்.

1971 மார்ச்சில் பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுக்குத்தூள் பூசிக்கொண்டு பாடினார். ‘ஹாட் லவ்’ என்ற அந்தப் பாட்டு ஆறு வாரம் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. 1972 ஜூலையில் அதே நிகழ்ச்சியில் டேவிட் போவி செம்பட்டை முடியும் வண்ண உடையுமாக வந்து ‘ஸ்டார்மேன்’ பாடினார். ஸ்லேடு, ஸ்வீட், மட், விசார்ட், ராக்ஸி மியூசிக், சூசி குவாட்ரோ என்று வரிசை நீண்டது. உயரக் குதிகால் பூட்ஸ், பளபளக்கும் துணி, ஆண் பெண் வேறுபாட்டைக் கலைக்கும் ஒப்பனை எல்லாம் கண்ணுக்கானவை. காதுக்குக் கிடைத்தது நேரடியான நாலடித் தாளம், கைதட்டல், எல்லாரும் சேர்ந்து கத்துவதற்கென்றே அமைந்த பல்லவி. குத்துப்பாட்டில் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த இசையில் அந்நியம் குறைவு என்பது என் எண்ணம். பறையும் தவிலும் முழங்கும்போது எழும் கூட்டு உற்சாகத்தைத்தான் ஸ்லேடு குழுவினர் கால்மிதிச் சத்தத்தால் எழுப்பினார்கள்.

இந்த இசை பெரும்பாலும் 45 சுற்று வேகச் சிறு தட்டுகளில்தான் வாழ்ந்தது. ஸ்வீட் குழுவுக்கும் மட் குழுவுக்கும் சூசி குவாட்ரோவுக்கும் பாட்டெழுதித் தந்த நிக்கி சின், மைக் சாப்மன் இணை மூன்று நிமிடத்துக்குள் வேலையை முடிக்கும் கலையில் தேர்ந்தது. போவி, ராக்ஸி மியூசிக் போன்ற சிலரை விட்டுவிட்டால் நெடுந்தட்டு என்பது இவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஆகவே பின்னால் வந்த தலைமுறை கிளாம் ராக்கைத் தொகுப்புகளின் வழியாகவே சந்தித்தது. சந்தித்த இடமே சண்டைக்கும் இடமானது.

முதல் சண்டை ஒலியைப் பற்றியது. 1972இல் கே-டெல், ஆர்கேட் போன்ற நிறுவனங்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, அப்போதைய வெற்றிப் பாட்டுகளை ஒரே தட்டில் அடைத்து விற்கத் தொடங்கின. கே-டெல்லின் ‘20 டைனமிக் ஹிட்ஸ்’ அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலின் உச்சிக்கே போனது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாட்டு என்றால் முப்பது நிமிடம். நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும் வரை பள்ளம் அகலமாக வெட்டலாம், ஒலி திடமாக இருக்கும். அதற்குமேல் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலியளவும் தாழ்ந்த சுருதிகளின் வலுவும் குறையும். இல்லையென்றால் பாட்டையே கத்தரிக்க வேண்டும்: ஒரு சரணம் போகும், இல்லையேல் முடிவுப்பகுதி சீக்கிரமே தேய்ந்து மறையும். “என் சின்னத் தட்டில் இருக்கும் அடி இதில் இல்லை” என்ற நேயரின் குறையைப் பழைய பித்து என்று தள்ள முடியாது. தாளமே உயிரான இசையில் முரசின் அடிவயிற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நேயர் காதால் கண்டுபிடித்ததைத் தட்டு வெட்டும் எந்திரத்தின் கணக்கு உறுதி செய்கிறது.

இரண்டாவது சண்டை இன்னும் ஆழமானது: குரல் அசலா? 1968 முதல் பிக்விக் நிறுவனம் தன் ஹால்மார்க் முத்திரையில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ என்ற பெயரில் மலிவுத் தட்டுகளை விற்றுவந்தது. பி.பி.சி. நிகழ்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. பெயர் போடாத கூலிப் பாடகர்கள் அந்த மாதத்து வெற்றிப் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக் கொடுப்பார்கள். புகழ்பெறுமுன் எல்டன் ஜானும் இப்படிப்பட்ட மலிவுத் தட்டுகளுக்குப் பாடியிருக்கிறார். 1971 ஆகஸ்டில் இந்தத் தொடரின் 18ஆம் தட்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1972 தொடக்கத்தில் மலிவுத் தட்டுகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். காசு கொடுத்து ஏமாந்த நேயரின் சலிப்பு அரை நூற்றாண்டு கடந்தும் ஆறவில்லை.

நமக்கும் இது தெரிந்த கதைதான். 1980களில் டி-சீரிஸ் நிறுவனம் பழைய பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்து மலிவான கேசட்டுகளாக வெளியிட்டது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஓர் ஏற்பாடு அதற்கு வழிவிட்டது. உறையில் படத்தின் பெயரும் நடிகரின் முகமும் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயர் எறும்பு எழுத்தில் இருக்கும். தமிழிலும் பழைய பாட்டு என்று வாங்கிவந்து போட்டவர், முதல் வரியிலேயே “இது டி.எம்.எஸ். குரல் இல்லையே” என்று கேசட்டை நிறுத்திய காலம் உண்டு. இரண்டு நொடி போதும். இசை படித்திராதவரும் அதைக் கண்டுபிடிப்பார்.

கிளாம் ராக்கில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பாடியவர்களே தங்கள் பழைய பாட்டைப் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். ஸ்வீட் குழுவிலிருந்து பாடகர் பிரையன் கானலி 1979இல் விலகினார். பிறகு அவரும் கித்தார் கலைஞர் ஆண்டி ஸ்காட்டும் பேஸ் கலைஞர் ஸ்டீவ் பிரீஸ்டும் வெவ்வேறு காலங்களில் தனித்தனி ‘ஸ்வீட்’ நடத்தினார்கள். மலிவுத் தொகுப்பு ஒன்றில் ஸ்வீட் என்று போட்டிருந்தால் அது எந்த ஸ்வீட், எந்த ஆண்டுப் பதிவு? மூலப்பதிவின் உரிமை ஒரு நிறுவனத்திடம், பெயரைப் பயன்படுத்தும் உரிமை கலைஞரிடம். மறுபதிவு மலிவாகக் கிடைக்கிறது என்பதால் தொகுப்பாளர் அதைப் போட்டுவிடுகிறார். உறை வாய் திறப்பதில்லை. கானலி 1997இல் இறந்தார். அவருடைய இளமைக் குரலைத் தேடி வந்தவர் கையில் வேறு குரலைத் திணிப்பது, என் கணிப்பில், நேயருக்கு மட்டுமின்றி இறந்தவருக்கும் செய்யும் அநீதி.

மூன்றாவதாக வருவது எல்லைச் சண்டை. யார் கிளாம், யார் கிளாம் இல்லை? குவீன் குழு இதில் சேருமா என்பது தீராத வழக்கு. 1974இல் ‘கில்லர் குவீன்’ வந்தபோது அவர்களின் நக அலங்காரமும் வெள்ளை உடையும் கிளாமின் பக்கமே நின்றன. இசையோ கனத்த ராக்கையும் மேடை நாடகத்தையும் கலந்தது. அந்தக் குழுவின் பிரெட்டி மெர்க்குரி, ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் மகாராஷ்டிரத்தின் மலையூரான பஞ்சகனியில் செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் படித்தவர். பன்னிரண்டு வயதில் ‘த ஹெக்டிக்ஸ்’ என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தார். மலையும் விடுதியும் மேற்கத்திய இசையும் சேர்ந்த அந்தச் சூழல் சேர்வராயன் மலையின் ஏற்காட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. 1917இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளி ஏற்காட்டில்தான் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி, நடிகர் விக்ரம் என்று பலரை உருவாக்கிய விடுதி அது. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகளின் பெட்டியில் ஊர் ஊரான இசை மலையேறி வந்திருக்கிறது.

விடுபடலுக்குக் காரணம் எப்போதும் தொகுப்பாளரின் ரசனை ஆகாது. 1998இல் டாட் ஹெய்ன்ஸ் இயக்கிய ‘வெல்வெட் கோல்டுமைன்’ படம் கிளாம் காலத்தைப் பற்றியது. படத்தின் பெயரே போவியின் பாட்டுப் பெயர். ஆனால் போவி தன் பாட்டுகளைத் தர மறுத்துவிட்டார். படத்தின் இசைத்தட்டில் ராக்ஸி மியூசிக்கின் பாட்டுகளைப் புதிய கலைஞர்கள் பாடினார்கள், டி. ரெக்ஸ், லூ ரீட், காக்னி ரெபல், பிரையன் ஈனோ ஆகியோரின் அசல் பதிவுகளும் இடம்பெற்றன. “போவி இல்லாத கிளாமா?” என்று கேட்டவர்களின் ஏமாற்றம் புரிகிறது. என்றாலும் போவியின் நிழலில் மறைந்துகிடந்த காக்னி ரெபலை ஒரு புதிய தலைமுறை கேட்டது அந்தத் தட்டால்தான். பெரிய பெயர் ஒன்று விலகியதில் சிறிய பெயருக்கு இடம் கிடைத்தது. உரிமம் என்பது முகம் காட்டாத தொகுப்பாளர். அதன் கத்தரியை நேயர்கள் தொகுத்தவரின் கத்தரி என்று நினைத்துத் திட்டுகிறார்கள்.

இன்னொரு விடுபடலுக்கு உரிமம் காரணமில்லை. கேரி கிளிட்டரின் இரட்டை முரசுத் தாளத்தை விட்டுவிட்டு 1972, 1973ஆம் ஆண்டுகளின் ஒலியை விளக்குவது கடினம். அதே மனிதர் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்காக 1999இல் பிரிட்டனிலும் 2006இல் வியட்நாமிலும் தண்டிக்கப்பட்டார். 2015இல் அவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தொகுப்புகள் பல அவரை நீக்கின. வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்று சில நேயர்கள் குறைப்பட்டார்கள். அந்தக் குரல் வந்தால் தட்டை எடுத்துவிடுவேன் என்றார்கள் வேறு சிலர். எனக்கு இதில் தயக்கம் இல்லை. வரலாற்று நூலில் அவர் பெயர் இருக்கட்டும். மகிழ்ச்சிக்காக வாங்கும் தட்டில், ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குப் பங்கு போகக்கூடிய இடத்தில், அவர் வேண்டாம்.

இந்தியாவில் ராக் குழுக்களின் தொகுப்புத் தட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘சிம்லா பீட்’. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நாடு தழுவிய இசைப்போட்டி நடத்தி, 1970, 1971ஆம் ஆண்டுகளில் தேர்ந்த குழுக்களின் பாட்டுகளைத் தட்டுகளாக வெளியிட்டது. சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்கள் அதில் ஒலித்தன. போலன் மினுக்குத்தூள் பூசிய அதே காலம். இங்கே மினுக்கு இல்லை. கிடைத்த கருவி, குறைந்த நேரப் பதிவு, சொந்தப் பாட்டு ஒன்றாவது பாடிவிட வேண்டும் என்ற ஆவேசம், இவ்வளவுதான். அந்தக் காலத்தில் சிகரெட் விளம்பரமாகக் கருதப்பட்ட தட்டுகளைப் பிற்காலத்தில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள், மறுபதிப்பும் வந்தது. அந்தக் குழுக்களில் பலவற்றின் குரல் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு தட்டுகளில்தான்.

தமிழில் மினுக்கு மேடையேறிய வழி வேறு. 1969இல் மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்து ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கினார் உஷா உதுப். 1979இல் பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் இசைக்குழுவின் கதையாகவே வந்தது. இசை எம்.எஸ். விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். 1982இல் ‘சகலகலா வல்லவன்’ வந்தபின் ‘இளமை இதோ இதோ’ இல்லாமல் புத்தாண்டு பிறப்பதில்லை. தமிழ் மேடைப் பளபளப்பு என்று யாராவது ஒரு தொகுப்பு போட்டால் இந்த மூன்றும் இருந்தே ஆக வேண்டும். எல்.ஆர். ஈஸ்வரியின் ‘பட்டத்து ராணி’யைச் சேர்ப்பேன் என்று நான் சொன்னால், 1969ஆம் ஆண்டுப் பாட்டு இதில் எப்படிச் சேரும் என்று வழக்குக்கு வருபவர் வரட்டும். அந்தக் குரலின் துணிச்சலே என் சாட்சி.

ஆனால் தமிழ் நேயர் மற்றவர் தொகுப்பைக் குறைசொல்வதோடு நிற்கவில்லை, தானே தொகுப்பாளரானார். அதற்கு இடம் கொடுத்தது, கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்துதரும் ரெக்கார்டிங் சென்டர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேலம் போன்ற நகரங்களில் மட்டுமின்றிச் சிறு ஊர்க் கடைத்தெருவிலும் அது இருந்தது. கண்ணாடி அலமாரியில் எல்.பி. ரெக்கார்டுகள், மேசையில் இரட்டை டெக், கையால் எழுதிய பட்டியல் நோட்டு. நேயர் வீட்டிலிருந்தே பட்டியல் எழுதிக்கொண்டு வருவார். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு அடங்கும், ஏழாவது பாட்டு பாதியில் அறுபடும். “ஏழாவதுக்குச் சின்னப் பாட்டாச் சொல்லுங்க, இல்லன்னா தொண்ணூறு வாங்கிக்குங்க” என்பார் கடைக்காரர். தொண்ணூறில் நாடா மெல்லியது, சீக்கிரம் சிக்கும். ஆகவே அறுபதே போதும் என்று ஒரு பாட்டை அடிக்கும் அந்த நிமிடத்தில்தான் அவர் விமரிசகராகிறார். எதை விடலாம், எதை விடவே முடியாது என்பதைப் பேனாவால் தீர்மானிக்கிறார். சோகப் பாட்டுகள் ஒரு பக்கம், காதல் பாட்டுகள் மறுபக்கம். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது என்பார் ஒருவர். ஜானகி பாட்டு மட்டும் போதும் என்பார் இன்னொருவர். தோட்டத்தில் சம்பளம் வாங்கிய கையோடு மலையிறங்கிச் சேலத்துக்குப் போகிறவருக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பும் சீட்டும் இதில் சேரும்.

கடைக்காரரின் ஆலோசனைக்கும் மதிப்பு உண்டு. எந்த ரெக்கார்டில் கீறல், எந்தப் பதிவு ஸ்டீரியோ என்பது அவருக்கு அத்துபடி. ‘ப்ரியா’ படத்தின் பாட்டுகளை நல்ல டெக்கில் போட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கவைத்தே வாடிக்கையாளரைப் பிடித்த கடைகள் உண்டு. இந்தக் கேசட்டுகள் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானவை என்பதும் உண்மை. எக்கோ போன்ற நிறுவனங்களுக்கும் கலைஞர்களுக்கும் அதனால் சேர வேண்டிய பணம் சேரவில்லை. அந்த நட்டத்தை மறைக்காமலே சொல்கிறேன்: தமிழ் நேயரின் ரசனைக்கு அவற்றைவிட நேரடியான ஆவணம் வேறில்லை. விற்பனைக் கணக்கு எந்தப் படம் ஓடியது என்பதைச் சொல்லும். கையெழுத்துப் பட்டியலோ, ஓடாத படத்தின் ஒரே ஒரு பாட்டை யார் விடாமல் காப்பாற்றினார் என்பதைச் சொல்லும்.

அப்படிக் காப்பாற்றப்பட்டவைதான் பிறகு வரலாறாகின்றன என்பதற்குக் கிளாம் ராக்கிலேயே சான்று கிடைக்கிறது. 2003இல் பாப் ஸ்டான்லி, ஃபில் கிங், டோனி பார்பர் ஆகிய மூவர் ‘வெல்வெட் டின்மைன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். எழுபதுகளில் வெளியாகி, பட்டியலில் ஏறாமலே பழைய தட்டுக்கடைகளின் கீழ்த்தட்டில் கிடந்த சிறு தட்டுகளின் தொகுப்பு அது. எடின்பரோவின் அயர்ன் விர்ஜின் குழு 1974இல் வெளியிட்டுத் தோற்ற ‘ரெபல்ஸ் ரூல்’ பாட்டை இப்போது கிளாமின் சிறந்த பாட்டுகளில் ஒன்றாக எடுத்துப் பேசுகிறார்கள். மூவரும் இசைக்கலைஞர்கள்தான். ஆனால் இந்த வேலையை நேயர்களாக நின்று செய்தார்கள். காசு கொடுத்து, தூசி தட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது ஆண்டுக்கு முன் சந்தை தந்த தீர்ப்பை மேல்முறையீட்டில் மாற்றிவிட்டார்கள்.

தமிழ்த் தொகுப்புகளை வெளியிடும் நிறுவனங்களிடம் நேயர்கள் கேட்பது அதிகமில்லை. பாட்டு எந்த ஆண்டுப் பதிவு, எந்தப் படம், யார் பாடினார், யார் வாசித்தார், மூலப்பதிவா மறுபதிவா என்பதை உறையில் போடுங்கள். இணையத்தில் வெளியிட்டால் அங்கும் போடுங்கள். கிளாம் ராக் தொகுப்புகளின் நல்ல பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டு எண் வரை குறிப்பு இருக்கிறது. நம் பாட்டுகளில் வயலின் வாசித்தவர் பெயரும் டிரம்ஸ் வாசித்தவர் பெயரும் பாதிக்குமேல் அச்சேறாமலே கிடக்கின்றன. அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் ரெக்கார்டிங் சென்டர் கேசட்டு இருந்தால் நாடா வீணாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். உறையில் கையால் எழுதிய பட்டியலைப் படமெடுத்து, எந்தக் கடை, எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, பட்டியல் எழுதியவர் உங்களுக்கு என்ன உறவு என்று பின்னால் குறித்துவையுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்ததால்தான் சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றை இன்று படிக்க முடிகிறது. கேசட்டு உறைகளையும் அந்த அக்கறையோடு சேர்க்கத் தொடங்குங்கள்.